பச்சை மைக்கு ஆசைப்பட்ட எருமை

உடும்பன்காட்டில் ஒரு நாட்டு வாதாமரம் இருந்தது. மரத்தடியில் ஓர் அலுவலகம் இருந்தது. அந்த அலுவலகத்தில் செவ்வந்தி என்ற அணில் வேலை பார்த்தாள்.

அது நீர்நிலை அனுமதி அலுவலகம். தாகம் எடுத்த மிருகங்கள் அங்கே வந்து மனுக் கொடுக்கும். எந்தக் குட்டையில், எந்தக் கரையில், எத்தனை வாய் குடிக்கலாம் என்று அலுவலகம் யோசிக்கும். யோசித்து முடிப்பதற்குள் மனுக் கொடுத்த மான் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் காட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மேலதிகாரி எருமை வீரபாகு. பெரிய உடம்பு, பெரிய கொம்பு, மற்றதெல்லாம் அளவோடு. எத்தனை புகார் வந்தாலும் எருமை மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருப்பார். பதிவறையைப் பார்த்துக்கொண்டவர் வெள்ளாடு சிகாமணி. நல்ல மனுஷர் என்று சொல்ல முடியாது, ஆடுதானே. ஆனால் அதுவரை ஒரு கோப்புக்கூட அவர் பொறுப்பில் தொலைந்ததில்லை.

அங்கே மனு, பதில், உத்தரவு எல்லாமே வாதா இலையில்தான். வாயால் சொன்னால் செல்லாது.

"இலையில இருந்தாத்தான் உத்தரவு! வாய்ச்சொல் காத்தோட போச்சு!" என்று வீரபாகு அடிக்கடி முழங்குவார். ஒருமுறை முயல் ஒன்று மூச்சிரைக்க ஓடிவந்து, "ஐயா, உங்க வாலுக்குப் பக்கத்துல பாம்பு!" என்று கத்தியது. "எழுதிக் குடு!" என்றார் அவர். அவ்வளவு முறையான அதிகாரி.

இலை கொண்டுவந்து தருவது செவ்வந்தியின் வேலை. வாதா இலை முற்றினால் தானாகவே சிவந்து, பழுத்து, காய்ந்து கீழே விழும். அவள் காலையில் முதல் ஆளாக இறங்கிவந்து சருகுகளைப் பொறுக்குவாள். தூசி தட்டி, அடுக்கி, மேசைக்கு மேசை வைப்பாள். மரத்துக்கும் நோவில்லை, அலுவலகத்துக்கும் தட்டுப்பாடில்லை. இது பெரிய காரியம் என்று அவளுக்கே தெரியாது.

அவள் தற்காலிகப் பணியாளர். வேலையில் இருக்கும்வரை அந்த மரத்தின் உச்சிக் கிளையில் கூடு கட்டிக்கொள்ளலாம் என்பது ஒன்றே அவளுக்குச் சலுகை. அந்தக் கூட்டில் அவளுடைய மூன்று பிள்ளைகள் கிடந்தன. இன்னும் கண் திறக்காத, மயிர் முளைக்காத பச்சைப் பிள்ளைகள். வானத்தில் ஒரு வல்லூறு எந்நேரமும் வட்டமிடும். ஆனால் இலைகள் கூரை வேய்ந்தது போல மூடியிருந்ததால் கூடு அதன் கண்ணில் பட்டதே இல்லை. செவ்வந்தியும் நிம்மதியாக வேலைக்கு இறங்கிவருவாள்.

அந்த நேரத்தில்தான் சிங்க ராஜாவின் குகையிலிருந்து ஓர் ஆணை வந்தது.

"காட்டிலுள்ள அலுவலகங்கள் எல்லாம் பசுமை அலுவலகங்களாக மாற வேண்டும். முதலிடம் பிடிக்கும் அலுவலகத்தின் தலைவர் இனிமேல் பச்சை மையில் கையெழுத்திடலாம்."

வீரபாகு கடைசி வரியை மட்டும் மூன்று தரம் படித்தார். உடும்பன்காட்டில் எல்லாருக்கும் நாவல்பழ மைதான். பச்சை மை என்றால் பெரிய அதிகாரி என்று அர்த்தம். பச்சை மைக்காரர் கையெழுத்துப் போட்டால் பொய்கூட உண்மை நகல் ஆகிவிடும். வீரபாகுவின் சம்பந்தி ஒருவர் பக்கத்துக் காட்டில் பச்சை மைக்காரர். கல்யாண வீட்டில் அவருக்கு முதல் பந்தி. வீரபாகுவுக்கு இரண்டாம் பந்தி. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

"ஒரு ஆலோசகரைக் கூப்பிடுங்க!" என்றார்.

ஆலோசகர் வந்தார். பச்சோந்தி, பெயர் பச்சைமலை. வரும்போது மண் நிறத்தில் வந்தவர், வாசலில் 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டதும் பச்சையாகி உள்ளே நுழைந்தார்.

"அடடா! என்ன ஒரு ஈடுபாடு!" என்று வீரபாகு வியந்தார்.

பச்சைமலை ஒரு கண்ணால் மேசையைப் பார்த்தார். இன்னொரு கண்ணால் பதிவறையைப் பார்த்தார். பிறகு ஒரு சருகை வாலால் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன நிறம்?"

"பழுப்புங்க," என்றார் சிகாமணி.

"இதுதான் ஐயா உங்க பிரச்சினை! பசுமை அலுவலகம்னு பேர் வச்சுக்கிட்டு பழுப்பு இலையில எழுதுறீங்க! ராஜா பாத்தா சிரிக்க மாட்டாரா?"

அலுவலகமே வெட்கித் தலைகுனிந்தது. செவ்வந்திக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

"ஐயா, சருகு தானா விழுறதுங்க. பச்சை இலைன்னா மரத்துலேருந்து பிய்க்கணும். அது எப்படிங்க பசுமையாகும்?"

பச்சைமலை அவளை இரண்டு கண்ணாலும் ஒன்றாகப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பது அபூர்வம்.

"பசுமைன்னா என்னம்மா?"

"பச்சைங்க."

"பச்சைன்னா?"

"பசுமைங்க."

"அவ்வளவுதான்! இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?"

எல்லாரும் கைதட்டினார்கள். வீரபாகு குளம்பைத் தட்டினார். தற்காலிகப் பணியாளர் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்குமா? செவ்வந்தியும் தட்டினாள்.

மறுநாள் 'பழுப்பு ஒழிப்பு வாரம்' தொடங்கியது. கிடந்த சருகையெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். புகை குபுகுபுவென்று உச்சிக் கிளைக்குப் போனது. பிள்ளைகள் இருமின. "சுற்றுச்சூழலுக்காகச் செய்றோம், கொஞ்சம் பொறுத்துக்கம்மா!" என்று கீழேயிருந்து வீரபாகு ஆறுதல் சொன்னார்.

இனி செவ்வந்தி பொறுக்க வேண்டியதில்லை, பறிக்க வேண்டும். முதல் இலையின் காம்பைக் கடித்தபோது சாறு கசிந்து அவள் வாயெல்லாம் கசந்தது. துப்பிவிட்டு அடுத்ததைக் கடித்தாள். வேலை போனால் கூடு போகும், கூடு போனால் பிள்ளைகளை எந்தப் பொந்தில் வைப்பது? அந்த ஒரு நினைப்பில் அவள் பல் ஓயவே இல்லை.

பச்சை இலையில் எழுதுவதில் சின்னச் சின்னச் சிக்கல்கள் இருந்தன. மை ஒட்டாமல் வழுக்கியது. அதனால் ஒரு மனுவுக்கு நாலைந்து இலை வீணானது. எழுதிய இலை மறுநாளே வாடிப் பழுப்பானது. பழுப்பு இலை வைத்திருப்பது பசுமை விதிக்கு விரோதம். ஆகவே அதை எரித்துவிட்டு, புது இலை பறித்து, மறுபடி நகல் எடுத்தார்கள். இந்த அமளியில் "இலைகளை வீணாக்காதீர்!" என்று ஒரு சுற்றறிக்கை வேறு. காட்டிலுள்ள ஒவ்வொரு மிருகத்துக்கும் தனித்தனி இலையில் ஒவ்வொரு நகல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பதிவறையில். சிகாமணி இத்தனை வருஷம் நேர்மையாக இருந்ததற்குக் காரணம் சருகு. காய்ந்த வாதா இலையை எந்த ஆடும் சீண்டாது. இப்போது அவர் பொறுப்பில் நாலு பக்கமும் தளதளவென்று தழை. முதல் நாள் முகர்ந்து பார்த்தார். இரண்டாம் நாள் ஓரத்தை மட்டும் கடித்துப் பார்த்தார். பிறகு கோப்புகளை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்.

"சிகாமணி, மான்களோட பழைய மனுவெல்லாம் எங்கே?" என்று வீரபாகு கேட்டார்.

"எல்லாம் முடிச்சாச்சுங்க!" என்றார் சிகாமணி, ஒரு ஏப்பத்தோடு.

"ஒண்ணு விடாமயா?"

"ஒரு காம்புகூட பாக்கி இல்லீங்க!"

நிலுவையே இல்லாத அலுவலகம்! வீரபாகுவுக்குப் பெருமை தாங்கவில்லை. சிகாமணிக்கோ வயிறு தாங்கவில்லை.

மரம் மெல்ல மொட்டையானது. முதலில் கீழ்க் கிளைகள், பிறகு நடுக் கிளைகள். அலுவலகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெயில் விழுந்தது. செவ்வந்தி கூட்டைச் சுற்றியிருந்த கொத்தை மட்டும் தொடவில்லை. ஒரு நாள் தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். மேல உள்ள கொத்தை மட்டும் விட்டுடலாமுங்களா? பிள்ளைங்க கண்ணு திறக்கல. வல்லூறு சுத்துதுங்க."

"எழுதிக் குடு!" என்றார் வீரபாகு.

எழுத ஒரு இலை பறிக்க வேண்டும். அவள் மேலே ஏறிப்போனாள். கூட்டில் உட்கார்ந்து கீழே பார்த்தபோது மரம் எலும்பு எலும்பாகத் தெரிந்தது. 'இந்த மரத்தை மொட்டையடிச்சது எருமையும் இல்லை, பச்சோந்தியும் இல்லை. என் பல்லுதான்,' என்று அவளுக்குத் தோன்றியது. அவமானத்தில் அவள் அன்று பிள்ளைகளை நக்கிக்கூட விடவில்லை.

ஆய்வு நாள் வந்தது. ராஜாவின் ஆய்வு அதிகாரியான யானையம்மா அன்று வருவதாக ஏற்பாடு. வாசலில் பச்சை மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பசுமைச் சாதனை அறிக்கையும் முந்தின நாளே தயார். தடித்த, கொழுத்த, நறுமணமுள்ள அறிக்கை. பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் பதிவறையில் வைத்திருந்தார்கள்.

அங்கேதான் காரியம் கெட்டது. காலையில் போய்ப் பார்த்தால், சிகாமணி கண் செருகிப் படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு காம்பு கிடந்தது.

"அறிக்கை எங்கேய்யா?"

"உள்ளதான்... இருக்குங்க," என்றார் சிகாமணி. அது பொய் இல்லை.

வீரபாகுவுக்கு வேர்த்தது. "யானையம்மா மேட்டுல ஏறிட்டாங்களாம்! உடனே வேற அறிக்கை எழுதணும்! செவ்வந்தி! இலை!"

மரத்தில் இலை எங்கே இருக்கிறது? எல்லார் கண்ணும் ஒன்றாக உச்சிக் கிளைக்குப் போனது.

செவ்வந்தி கூட்டின் வாசலில் நின்றாள். கொத்தின் முதல் காம்பில் பல்லை வைத்தாள். பழக்கம்தானே. அப்போது இலை விலகி, பிள்ளைகள் மேல் ஒரு துண்டு வெயில் விழுந்தது. அந்த வெயில் துண்டின் குறுக்கே ஒரு நிழல் ஓடியது. செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். வல்லூறு. அவள் காம்பிலிருந்து பல்லை எடுத்தாள்.

"முடியாதுங்க!"

"என்னது?"

"பச்சையாவே சொல்றேன் ஐயா, முடியாது! இத்தனை நாள் நான் பறிச்சதே தப்பு. மரத்தை உரிச்சுட்டு பசுமைன்னு சொல்றீங்களே, இதைவிடப் பச்சைப் பொய் உண்டா? இங்க பச்சைன்னு மிச்சம் இருக்கிறது என் பச்சைப் பிள்ளைங்க மட்டும்தான். அதுங்க மேல உள்ள கூரையையும் பிய்ச்சு அறிக்கை எழுதணுமா?"

அந்த அலுவலகத்தில் 'முடியாது' என்ற சொல்லைப் பொதுமக்களுக்குச் சொல்லித்தான் பழக்கம். யாரும் அதைக் கேட்டதில்லை.

"உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்! இன்னிக்கே கூட்டைக் காலி பண்ணு!" என்று வீரபாகு பொருமினார்.

"இதுக்குப் போய் ஏன் ஐயா சத்தம் போடுறீங்க? நானே பறிக்கிறேன்," என்றார் பச்சைமலை. ஆலோசகர் ஒருவர் தானே வேலை செய்ய முன்வந்தது உடும்பன்காட்டு வரலாற்றில் அதுவே முதல் தடவை.

ஒரு கால் முன்னே, அரைக் கால் பின்னே என்று ஆடி ஆடி ஏறினார். ஆய்வு நாள் என்பதால் அன்று மிகவும் சிறப்பாகப் பச்சையாக இருந்தார். மொட்டைக் கிளையில், உரித்த மரத்தில், அப்படி ஒரு பச்சை! கண் தெரியாத கிழட்டு வல்லூறுக்கும் தெரிந்திருக்கும். இந்த வல்லூறுக்கோ நல்ல கண்.

விர்ரென்று ஒரு சத்தம். நகம் பட்டு வால் நுனி போனது. "ஐயோ!" என்று அலறிய பச்சைமலை கிளைவிட்டுக் கிளை உருண்டு, வேரடியில் பொத்தென்று விழுந்தார். அடுத்த நொடி அவர் உடம்பெல்லாம் பழுப்பு. மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டார். வல்லூறு இரண்டு சுற்று சுற்றிவிட்டு, இரை காணாமல் போய்விட்டது. உயிர் போகிற நேரத்தில் ஆலோசகருக்குப் பழுப்பின் அருமை நினைவுக்கு வந்ததே, அதுவரை சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து யானையம்மா உள்ளே வந்தார். வெயிலில் நடந்து களைத்திருந்தார். முதலில் தோரணத்தைப் பிடுங்கித் தின்றார்.

"ஏற்பாடு பிரமாதம்! ருசியா இருக்கு. அறிக்கை எங்கே?"

வீரபாகு சிகாமணியைப் பார்த்தார். சிகாமணி ஏப்பத்தை அடக்கினார். வேரடியிலிருந்து பச்சைமலையின் குரல் மட்டும் மெலிசாக வந்தது.

"மேடம், அறிக்கை கிடையாது. இது இலையில்லா அலுவலகம்!"

யானையம்மா சுற்றிலும் பார்த்தார். மேசையில் இலை இல்லை. பதிவறையில் இலை இல்லை. தும்பிக்கையைத் தூக்கி மேலே பார்த்தார். மரத்திலும் இலை இல்லை. உச்சியில் ஒரு கொத்தைத் தவிர. அது அவர் தும்பிக்கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் சாதனை முழுமையாகியிருக்கும்.

"இலையில்லா அலுவலகம்! இவ்வளவு முழுமையா நான் எங்கேயும் பாத்ததில்ல!" என்று அவர் நெகிழ்ந்துபோனார். "முதல் பரிசு உங்களுக்குத்தான்!"

பச்சை மைப் புட்டியை அப்போதே வீரபாகுவின் மேசையில் வைத்துவிட்டு, நிழல் தேடி வேகமாகப் போய்விட்டார்.

வீரபாகு புட்டியை நக்காத குறை. கண்ணில் நீர் வந்தது. எத்தனை நாள் கனவு! முதல் கையெழுத்தை எதில் போடுவது என்று அவர் யோசிக்கவே இல்லை.

"செவ்வந்தியின் வேலைநீக்க உத்தரவு! சிகாமணி, எடுங்க ஒரு இலை!"

சிகாமணி பதிவறைக்குப் போய்த் திரும்பி வந்தார். "இலை இல்லீங்க."

"சருகு?"

"பழுப்பு ஒழிப்பு வாரத்துல கொளுத்திட்டோமுங்க."

"அப்ப வாயாலயே சொல்றேன்! அவ வேலையில இல்ல!"

"வாய்ச்சொல் காத்தோட போச்சுங்க," என்றார் சிகாமணி, மிகவும் பணிவாக. "இலையில இருந்தாத்தான் உத்தரவு. ஐயா சொன்னதுதான்."

வெயில் ஏறியது. மொட்டை மரத்தடியில் ஒதுங்க இடமில்லை. எருமைக்கு வெயில் ஆகாது. கறுத்த தோல் கொதித்தது. முழு அலுவலகத்திலும் நிழல் என்று இருந்தது ஒரே ஒரு முறம் அளவு. அது செவ்வந்தியின் கூட்டுக்கு மேல் இருந்த கொத்தின் நிழல். வீரபாகு அதில் தலையை நுழைத்தார். சிகாமணி அவர் கழுத்துக்கடியில் புகுந்தார். பச்சைமலை இரண்டு பேருக்கும் நடுவில், யார் நிறத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒண்டிக்கொண்டார். சூரியன் நகர நகர நிழல் நகர்ந்தது. நிழல் நகர நகர, முதல் பரிசு வாங்கிய பசுமை அலுவலகம் மேசையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் நகர்ந்தது.

மேலே பிள்ளைகளில் ஒன்று முதல்முறையாகக் கண் திறந்தது. "அம்மா, கீழ என்ன அது?" என்று கேட்டது.

"அலுவலகம்டா கண்ணு," என்றாள் செவ்வந்தி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீரபாகு அண்ணாந்து, குரலைத் தேனாக்கிக்கொண்டு கூப்பிட்டார். "செவ்வந்தி! ஒரே ஒரு இலை குடேம்மா!"

"எதுக்குங்க ஐயா?"

"உன்னை வேலையை விட்டு நீக்கத்தான்! வேற எதுக்கு?"

"பழுத்து விழட்டும் ஐயா," என்றாள் அவள். "விழுந்ததும் நானே பொறுக்கி, தூசி தட்டி, உங்க மேசையில கொண்டாந்து வைக்கிறேன். என் வேலை அதுதானே!"

வீரபாகு கையில் பச்சை மையோடு, அந்த இலைகள் எப்போது பழுக்கும் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளுக்குள் இன்னொரு பயமும் அரித்தது. அவை பழுத்து விழுந்துவிட்டால் இருக்கிற நிழலும் போய்விடுமே! அதனால் அவர் விழ வேண்டும் என்றும் விழக் கூடாது என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் முடியும்வரை செவ்வந்தி வேலையில்தான் இருந்தாள். பிள்ளைகளும் அதே கூட்டில்தான் வளர்ந்தன.

பச்சை மைக்கு ஆசைப்பட்டுப் பச்சை மரத்தை உரித்தவன், கடைசியில் தான் விரட்ட நினைத்தவளின் நிழலில்தான் ஒதுங்கி நிற்பான்!